மீட்டருக்குத் தெரியாத முகம்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கண்ணாடிக் கதவு வைத்தார்கள். முன்னால் போய் நின்றால், மேலே இருக்கும் சின்னக் கேமரா முகத்தைப் பார்க்கும். அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோவோடு ஒப்பிடும். ஆள் சரியென்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு விலகும். அங்கே நானூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோருக்கும் அது விலகியது. அந்த ஏழெட்டுப் பேருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். அவர்கள் காவலாளியைக் கூப்பிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். அதற்குள் எட்டு மணி தாண்டிவிடும். தாமதம் என்று பதிவாகிவிடும். கதவில் கோளாறு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானூறு பேருக்குத் திறக்கிற கதவில் என்ன கோளாறு இருக்க முடியும்?

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் ஸ்டாண்டு அக்கா.

உடை அறையில் இஸ்திரி போடுவதும் பொத்தான் தைப்பதும் அவர் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறார். சேர்ந்த புதிதில் ஒரு நாள், செய்தி அரங்கில் விளக்குகளைச் சரிசெய்யும்போது, வாசிப்பவர் வரும்வரை அவர் இடத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தேய்த்த சட்டையோடு வந்தவரைப் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றார். அதிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கு விளக்கு போட்டாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். லைட் ஸ்டாண்டு, மைக் ஸ்டாண்டு, கேமரா ஸ்டாண்டு நிற்கிற இடத்தில் இவரும் ஒரு ஸ்டாண்டு. கேலிக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

"கால் வலிக்காதாக்கா?" என்று யாராவது கேட்டால், "இஸ்திரி மேசை முன்னால நிக்கிறதுக்கு இங்க நிக்கலாம். இங்க சுருக்கம் போகலன்னு யாரும் திட்டமாட்டாங்க" என்பார்.

அவரைப் பற்றி அவருக்கே உறுதியாகத் தெரிந்த சங்கதிகள் சில உண்டு. உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம். செருப்பு அளவு ஐந்து. முகம் போட்டோவில் விழாது. மூன்றாவது சங்கதியை, அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது அத்தை சொன்னார். பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தேழு முகங்கள், ஒரு கறுப்புத் திட்டு. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை இருந்தார், மாலை இருந்தது, பெண் இருந்த இடத்தில் பல்வரிசை இருந்தது. போட்டோக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை, இவர்தான் கேட்டார். "சில பேருக்கு அப்படித்தான்மா" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார் அவர். வாசல் கதவு திறக்காதபோது ஸ்டாண்டு அக்காவுக்கு ஆச்சரியமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, இரண்டு பெரிய தலைவர்களும் நேருக்கு நேர் விவாதிக்கும் நிகழ்ச்சியை அந்த நிலையம் நடத்த முடிவானது. ஞாயிறு மாலை, நேரடி ஒளிபரப்பு.

ஆட்சியில் இருப்பவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். பட்டம் இருக்கிறது, அவர் யாருக்கும் ஊசி போட்டுப் பார்த்தவர் இல்லை. ஆறடி உயரம், எலுமிச்சை நிறம். எதிர்க்கட்சித் தலைவி முப்பது வருடம் தொழிலாளர் வழக்குகளை நடத்தியவர். அதனால் வக்கீலம்மா. உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம். நிறம் ஸ்டாண்டு அக்காவின் நிறம்.

விவாதத்துக்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. நாற்பத்து மூன்று பக்கம். நாட்டில் இருக்கும் பள்ளிக்கூடங்களைப் பற்றி இந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து நான்கு பக்கம் எழுதியதில்லை. தண்ணீர் டம்ளர் எத்தனை அங்குலம், வணக்கம் சொல்லும் நேரம் கணக்கில் சேருமா, ஒருவர் பேசும்போது மற்றவர் தலையாட்டுவதைக் காட்டலாமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு இருந்தது. யார் எந்தப் பக்கம் நிற்பது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். வக்கீலம்மாவுக்கு வலது விழுந்தது. டாக்டரின் ஆலோசகர் மூன்று முறை வந்து மாற்றிக் கேட்டுப் பார்த்தார். டாக்டருடைய ஜோசியர் வலது பக்கத்தைத்தான் குறித்துக் கொடுத்திருந்தாராம். அந்த ஆலோசகர் எந்நேரமும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டில் இருந்ததால் அரங்கில் அவர் பெயர் கோட்டு. வக்கீலம்மாவின் ஆலோசகர் கக்கத்தில் ஃபைல் இல்லாமல் சிறுநீர் கழிக்கக்கூடப் போகமாட்டார். அவர் ஃபைல்காரர்.

முப்பத்தோராம் பக்கம் ஃபைல்காரரின் வெற்றி. போன தேர்தல் விவாதத்தில் டாக்டருக்கு மட்டும் இரண்டு விளக்கு அதிகம் போட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதி நாறடித்திருந்தன. இந்த முறை ஆறு மணி நேரம் சண்டை போட்டு ஃபைல்காரர் இதை எழுதி வாங்கினார்: இரண்டு மேடைகளிலும் நிற்பவர் முகத்தில் விழும் வெளிச்சம் மீட்டர் கணக்கில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு கேமராக்களிலும் வெளிச்சத்தை உள்ளே விடும் கண் திறப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்துவதானால் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது.

புதன்கிழமை ஒத்திகை தொடங்கியது. வலது மேடையில் வக்கீலம்மாவுக்குப் பதிலாக ஸ்டாண்டு அக்கா நின்றார். இடது மேடையில் டாக்டருக்குப் பதிலாக வாசல் காவலாளி. அவரும் ஆறடி, அவரும் எலுமிச்சை நிறம். தினமும் அக்காவுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறவர் அவர்தான். அவரை எல்லோரும் ஆறடி என்றே கூப்பிடுவார்கள்.

"என்னக்கா, இன்னைக்கு நான் நாட்டையே ஆளப்போறேன். ஏதாவது வேணும்னா இப்பவே கேளுங்க."

"அந்தக் கதவைத் திறந்து விடுங்க, போதும்."

"அது மட்டும் என் கையில இல்லக்கா. அது மெஷின்."

விளக்குகளுக்குப் பொறுப்பானவர் கழுத்தில் எப்போதும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் தொங்கும். அதனால் அவர் மீட்டர் அண்ணன். ஆறடியின் கன்னத்தருகே மீட்டரைப் பிடித்தார். எண்ணைச் சொன்னார். ஃபைல்காரர் குறித்துக்கொண்டார். அக்காவின் கன்னத்தருகே பிடித்தார். அதே எண். கோட்டு குறித்துக்கொண்டார். இருவரும் கைகுலுக்கினார்கள்.

அப்போதுதான் மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "வலது பக்கம் ஏன் இருட்டா இருக்கு?"

மேடைகளுக்கு எதிரே இந்த முறை ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். தலைவர்கள் தங்களையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வதற்காக. பதினாறு வருடமாக விளக்குக்குக் கீழே நின்ற ஸ்டாண்டு அக்கா தன்னைத் திரையில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இடது பாதியில் ஆறடி ராஜா மாதிரி நின்றார். மூக்கு, மீசை, மோவாயில் இருந்த வெட்டுத் தழும்பு எல்லாம் தெரிந்தன. வலது பாதியில் ஒரு மேலாடை நின்றது. அதற்கு மேலே ஏதோ இருந்தது.

மீட்டர் அண்ணன் மறுபடி அளந்தார். அதே எண். மீட்டரைத் தட்டிப் பார்த்து, வேறு மீட்டர் கொண்டுவந்து அளந்தார். அதுவும் அதே எண். பல்பை மாற்றினார்கள். பின்னால் இருந்த திரைச்சீலையை மாற்றினார்கள். கேமராவை மாற்றினார்கள். பதினொரு மணிக்கு, இரண்டு பேரையும் இடம் மாறி நிற்கச் சொன்னார்கள். அக்கா இடது பக்கம் போனார். இருட்டு அவர் கூடவே இடது பக்கம் போனது.

"அக்கா, நீங்க போற இடமெல்லாம் கரண்டு போகுதே!" என்றார் ஆறடி.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். திரையில் பல்வரிசை மட்டும் சிரித்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு," என்றது ஒலிபெருக்கி. "லைட்டுல பிரச்சினை இல்ல. ஆள்லதான் பிரச்சினை. நாளைக்கு வேற ஆளை நிறுத்துங்க."

வியாழக்கிழமை செய்திப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். உயரம் சரியாக இருந்தது. நிறம் ஆறடியின் நிறம். வலது மேடையில் ஏறி நின்றாள். திரை பளிச்சென்று ஆனது. இரண்டு முகமும் இரண்டு நிலா. இயக்குநர் கைதட்டியது ஒலிபெருக்கியில் கேட்டது. கோட்டு தட்டினார். ஃபைல்காரரும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். ஒரு நாள் முழுக்கப் பாடாய்ப் படுத்திய கோளாறு தீர்ந்தது.

ஸ்டாண்டு அக்கா உடை அறைக்குத் திரும்பினார். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினார். ஒரு சட்டையை முடித்தார். இரண்டாவது சட்டையின் கழுத்துப்பட்டையில் கை நின்றது. ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. தான் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது, அது புரிகிறது. தன் முகம்தான் கோளாறு, அதுவும் தெரிந்ததுதான். ஆனாலும் எங்கோ ஒரு பொத்தான் மாறிப்போன மாதிரி இருந்தது. மேலிருந்து போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பொத்தான் மிச்சம் நிற்குமே, அப்படி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரியாது, அதான் கேக்கிறேன்."

"கேளு."

"ஞாயித்துக்கிழமை அந்த எடத்துல வந்து நிக்கப்போறது யாரு? அந்தப் பொண்ணா?"

"வக்கீலம்மா."

"அவங்க என்ன கலரு?"

மீட்டர் அண்ணன் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே இருந்தார்.

இருபது வருடமாக அவர் அந்த அரங்குக்கு விளக்கு போட்டிருக்கிறார். இந்த அக்காவை நிறுத்தி, மீட்டரில் எண் பார்த்து, சரியென்று போய்விடுவார். பிறகு வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம். நிலையம் அப்படிப்பட்டவர்களைத்தான் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது. மற்றவர்களை இஸ்திரி போட வைத்தது. ஒரு தடவைகூடச் சிக்கல் வராததால், மீட்டரில் எண் சரியாக இருந்தால் முகமும் சரியாக இருக்கும் என்று அவர் நம்பிவிட்டார். மூடநம்பிக்கை ஜோசியர் வீட்டில் மட்டும் இருப்பதில்லை. முள் ஆடுகிற கருவிக்குள்ளும் வசதியாகக் குடியிருக்கும்.

"மீட்டர் என்ன அளக்குது தெரியுமா?" என்றார் அவர், தனக்குத் தானே பேசுவதுபோல. "உன் மூஞ்சில வந்து விழுற வெளிச்சத்த. ஆனா கேமராவுக்குத் தெரியறது அது இல்ல. மூஞ்சில பட்டுத் திரும்பி வர்றது. ஆறடி மூஞ்சில பத்து விழுந்தா ஆறு திரும்பும். உன் மூஞ்சில பத்து விழுந்தா ரெண்டுதான் திரும்பும். மீதிய நீ வச்சுக்கிற."

"நான் எதுக்கு வச்சுக்கப்போறேன்?"

"நீ இல்லம்மா. கறுப்பு வச்சுக்கும். கறுப்புத் துணி வெயில்ல சுடுதுல்ல?"

"அப்ப எம்மேல இன்னும் கொஞ்சம் போட்டா?"

"தெரிவே. மூக்கு முழியோட தெரிவே. ஆனா போட முடியாது. ஒரே நம்பர்தான் இருக்கணும்னு கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க."

"யாரு?"

"உன் ஆளுதான். அந்த ஃபைல்காரர்."

அக்கா அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். வெளிச்சம் சமம் என்று எழுதி வாங்கியவருடைய தலைவிதான் இருட்டில் நிற்கப்போகிறார். அவர்தான் காலையில் கைதட்டினார்.

மீட்டர் அண்ணன் எடுத்துச் சொல்லியும் ஃபைல்காரருக்கு விஷயம் புரியப் பத்து நிமிடம் ஆனது. புரிந்ததும் கோட்டிடம் ஓடினார். கோட்டு முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, ஃபைல்காரரின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "சமம்னு நீங்கதான் சார் கேட்டீங்க. இப்ப உங்க ஆளுக்கு மட்டும் அதிகம் வேணும்னா எப்படி? போன தடவை எங்களுக்கு ரெண்டு விளக்கு அதிகம்னு ஊரையே கூட்டினீங்களே!"

ஃபைல்காரர் திரும்பி வந்து உடை அறை நாற்காலியில் உட்கார்ந்தார். "அவர் சொல்றதும் நியாயமாத்தான் தெரியுது. ஆனா நியாயமா இல்ல. எங்க தப்புன்னே பிடிபடலம்மா," என்றார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சத்தைத் தொட முடியாது, முகத்தைத் தொடலாம். மேக்கப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டு அக்காவை ஒப்பனை அறையில் உட்கார வைத்தார்கள். வக்கீலம்மா பத்து ஊர்ப் பிரச்சாரத்தில் இருந்தார். அவருடைய முகத்துக்கான சோதனை இவருடைய முகத்தில் நடந்தது. முதல் பூச்சு சாம்பல் கொட்டின மாதிரி இருந்தது. துடைத்தார்கள். இரண்டாவதில் ஆரஞ்சு அடித்தது. மூன்றாவது, நான்காவது என்று போய், ஐந்தாவது பூச்சில் கழுத்து, காது, புறங்கை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூசி மேடையில் ஏற்றினார்கள்.

மீட்டர் அதே எண்ணைக் காட்டியது. திரையில் ஒரு பெண் நின்றாள். கண் தெரிந்தது, மூக்கு தெரிந்தது. அக்கா கையைத் தூக்கினார், அவளும் தூக்கினாள். ஜன்மத்தில் முதல் தடவையாகப் படத்தில் விழுந்திருக்கிறோம் என்று மனசு துள்ளியது. அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. விழுந்தது யார்?

"பிரமாதம்!" என்றது ஒலிபெருக்கி.

வீட்டுக்குப் போனதும் எட்டாவது படிக்கும் மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "அம்மா, காதுக்குப் பின்னாடி நீ வேற ஆளா இருக்கே."

"சரியாப் போகலடி. சோப்பு எடுத்துட்டு வா."

கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். டாக்டர் கட்சியின் வட்டச் செயலாளர். வீட்டில் நான்கு சுவரிலும் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் இதுவரை அந்தச் சின்னத்துக்குத்தான் போட்டிருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் கணவர் உற்சாகமாகிவிட்டார்.

"அந்தம்மா தெரியலன்னா நமக்கு நல்லதுதானே? பெயின்ட் அடிச்சிட்டு வந்தா அதவிட நல்லது. மறுநாளே மீம் போட்டுக் கிழிச்சிருவோம். நீ வாய மூடிக்கிட்டு நில்லு, போதும்."

"நம்ம கட்சிக்கு நல்லதுதான். அது புரியுது."

"அப்புறம் என்ன?"

"எனக்கு நல்லதா?"

"உனக்கு என்ன வந்துச்சு? நீயா எலெக்‌ஷன்ல நிக்கிறே?"

"அங்க நிக்கிறது நான்தாங்க," என்றார் அக்கா. சொன்ன பிறகு, அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரொம்ப நேரம் லைட்டுல நிக்காத, சூடு ஏறிடும்," என்றார்.

அலமாரியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்தார். இத்தனை வருடம் அந்தப் பல்வரிசையைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறார். ஒரு விளக்கு. இன்னும் ஒரு விளக்கு. அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றால் அத்தை சொன்னது என்ன? போட்டோக்காரரிடம் தான் கேட்ட மன்னிப்பு என்ன ஆவது? கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யார் மேல் என்று தெரியாததால் படத்தைத் துடைத்து உள்ளே வைத்தார்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வக்கீலம்மா அரங்கைப் பார்க்க வந்தார். முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று காலையிலிருந்தே உடை அறையில் வேலை தலைக்கு மேல் இருந்தது. கோட்டுகூடத் தன் கம்பளிக் கோட்டை ஞாயிற்றுக்கிழமைக்காக இஸ்திரி போடக் கொடுத்திருந்தார். பதினொன்றுக்கு வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அக்காவுக்கு ஐந்து பூச்சு ஏற்றவே மணி பதினொன்றரை ஆகிவிட்டது. முகத்தில் பூச்சும் கையில் தேய்க்காத கோட்டுமாக அரங்குக்கு ஓடினார்.

வக்கீலம்மா மேடையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பியபோது அக்காவைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"நீங்கதான்மா," என்றார் ஃபைல்காரர்.

வக்கீலம்மா கிட்ட வந்தார். பூசிய முகத்தையும் பூச்சு எட்டாத உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு எனக்கு இதப் பூசப்போறீங்களா?"

"வேற வழி இல்லம்மா. வெளிச்சம் சமமா இருக்கணும்னு..."

"நான் முப்பது வருஷமா இந்த மூஞ்சியோடதான் கோர்ட்டுக்குப் போனேன். எந்த ஜட்ஜும் தெரியலன்னு சொன்னதில்ல." பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, எனக்குப் பதிலா ஒத்திகையில நிக்கிறது நீதானே. என்ன நடக்குது இங்க? இவங்க சொல்றது எனக்குப் புரியல."

தலைவர்களுக்குப் பதிலாக நிற்பவர்கள் அவர்களிடம் பேசக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் இருபத்தேழாம் பக்கம். அக்கா ஒலிபெருக்கியைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது.

"எனக்கும் முழுசாப் புரியலம்மா," என்றார். "நம்ம மேல அவங்க மேல விழுற அளவுதான் விழுது. ஆனா நாம தெரிய மாட்டேங்கிறோம். மீட்டர் சமம்னு சொல்லுது. கண்ணு இல்லன்னு சொல்லுது. ரெண்டுல எத நம்புறது?"

"சமம்னா சமம்தான்மா," என்று கோட்டு குறுக்கே வந்தார். "அளந்து பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒரே அளவு. இதுல என்ன குழப்பம்? நீ போய் உன் வேலையப் பாரு. என் கோட்டு ரெடியா?"

அக்கா கையில் இருந்த கோட்டைப் பார்த்தார். மூன்று நாளாக மிச்சம் நின்ற பொத்தான் அப்போது சரியான துளையைக் கண்டது.

"இன்னும் தேய்க்கல சார். காலையில பருத்திச் சட்டைங்கதான் தேய்ச்சேன். பெட்டிய அந்தச் சூட்டுலதான் வச்சிருக்கேன். அதே சூட்டுலயே இதையும் தேய்ச்சிரட்டுமா?"

"ஏம்மா, பைத்தியமா? கம்பளி! பொசுங்கிப் போயிடும்!"

"அப்ப கம்பளிக்கு வைக்கிற சூட்டுல எல்லாரு சட்டையையும் தேய்ச்சிர்றேன்."

"பருத்தியில சுருக்கம் அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும் சார். எல்லாத்துக்கும் ஒரே சூடு. சமம்தானே?"

கோட்டு தன் கோட்டைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மேலே ஒலிபெருக்கியில் யாரோ சிரித்த சத்தம் வந்து, சட்டென்று நின்றது. மீட்டர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் விளக்குக் கம்பத்தின் பின்னால் போய் நின்றார். ஆறடி, டாக்டரின் இடத்தில் நின்றுகொண்டே, "அக்கா கேக்கிறது சரிதானே சார்," என்றார்.

"கேட்டீங்களா?" என்றார் வக்கீலம்மா. "இதத்தான் நீங்க ஆறு மணி நேரம் பேசி எழுதி வாங்கினீங்களா?" ஃபைல்காரர் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். "திருத்துங்க. முகத்துல விழுறத அளக்க வேண்டாம். முகம் தெரியுதான்னு பாருங்க. அவரும் தெரியட்டும், நானும் தெரியட்டும். பூச்சு கீச்சு எதுவும் எனக்கு வேண்டாம்."

நியாயம் பளிச்சென்று தெரிந்த பிறகு எல்லோரும் அதன் பின்னால் போனார்கள் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. கோட்டு அசையவில்லை. இஸ்திரி வேறு, அரசியல் வேறு என்றார். போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் திரும்பி வந்தார்.

"திருத்தத்துக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை. எங்களுக்கு வலது பக்கம் வேணும்."

"எதுக்கு?" என்றார் வக்கீலம்மா.

"சும்மாதான். வசதி."

"எடுத்துக்கோங்க. நான் வாசல்லகூட நிப்பேன்."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்தானது. ஒரு மனுஷியின் முகத்துக்கு உரிய வெளிச்சம், இன்னொரு மனுஷனின் ஜோசியத்துக்குப் பண்டமாற்றாகக் கிடைத்தது. வாதத்தால் கிடைக்க வேண்டியது அது. விஞ்ஞானத்தால் கிடைக்க வேண்டியது. கிடைத்த வழியை நினைத்தால் வயிறு எரிகிறது. கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் எரிந்திருக்கும்.

பிற்பகலில் அக்கா முகத்தைக் கழுவிவிட்டு இடது மேடையில் ஏறினார். மீட்டர் அண்ணன் மீட்டரைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்து விளக்கை ஏற்றினார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. திரையில் முதலில் நெற்றி வந்தது. பிறகு கன்ன எலும்பு, கண்ணுக்குக் கீழே பதினாறு வருட நீராவி வைத்த கருவளையம், மேல் உதட்டில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. வெளுப்பு ஒன்றும் இல்லை. கறுப்பாக, பளபளவென்று, ஒரு முழு முகம்.

"தெரியறியா?" என்றார் மீட்டர் அண்ணன்.

"தெரியறேன். ஆனா அண்ணே, எங்க அம்மா மாதிரி இருக்கேனே. இது எனக்கு யாரும் சொல்லவே இல்லையே." தழும்பைத் தொட்டுப் பார்த்தார். திரையில் இருந்தவளும் தொட்டாள்.

ஞாயிறு மாலை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். டாக்டர் வலது பக்கம் நின்று, ஜோசியருக்கு மட்டும் தெரிந்த ஏதோ பலத்தோடு மின்சாரக் கட்டணக் கேள்விக்கு மழுப்பினார். வக்கீலம்மா நிதானமாகக் கேட்டார். பதில் வராதபோது புருவத்தை மட்டும் உயர்த்தினார். அந்தப் புருவம் நாடு முழுக்கத் தெரிந்தது.

"இந்தம்மா இவ்வளவு தெளிவாத் தெரியுது! எவன் பாத்த வேலை இது?" என்று கணவர் தொடையில் அடித்துக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனார். யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற விஷயத்தில் மட்டும், நான்கு நாளுக்கு முன்பு இருந்த தெளிவு இப்போது அவரிடம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழக்கம்போல் விலகவில்லை. ஆறடி நோட்டை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போடவில்லை. நோட்டின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். கழிவறை சுத்தம் செய்கிற இரண்டு பேர், தோட்டக்காரர், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர், சுமை தூக்குகிற மூன்று பேர், தான். ஒவ்வொருவர் முகமாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் தன் நிறம்.

"ஆறடி, இவங்க எல்லாம் வந்தா நிலையத்துப் போட்டோ அறைக்கு அனுப்புங்க. நான் அங்கதான் இருப்பேன்." ஆறடி நோட்டை மூடிவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் அறையில் ஒரு நாற்காலி, ஒரு கேமரா, ஒரு விளக்கு. அக்கா உட்கார்ந்தார்.

"பழைய படத்த மாத்தணும்."

"நல்லா நிமிருங்க."

"அதுக்கு முன்னாடி அந்த லைட்ட இன்னும் கிட்டக் கொண்டு வாங்க. இன்னொண்ணு இருந்தா அதையும்."

போட்டோக்காரர் சலித்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஒரே லைட்டுதாம்மா. உங்களுக்குன்னு தனியா ஒண்ணா? எட்டு மணி ஆகப்போகுது, தாமதம் விழும். எந்திரிங்க."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிறவர், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எதற்கு வரச் சொன்னார்கள் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் வரிசையையும் விளக்கையும் நாற்காலியில் இருந்தவரையும் புரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்டாண்டு அக்கா எழுந்திருக்கவில்லை. நிற்பதற்கே பெயர் வாங்கியவர், அன்று உட்கார்ந்தே இருந்தார்.